பஞ்சாயத்து வேலை எடுத்தாச்சு, ஆளுக்கு என்ன பண்றது? உள்ளூர் ஆட்களைச் சேர்க்கும் வழி

ஒர்க் ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் புதிதாக ஒப்பந்தம் எடுப்பவர்களில் பலர் ஆள் தேடக் கிளம்புகிறார்கள். அங்கன்வாடியோ, ரேஷன் கடையோ, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறையோ, எதுவாக இருந்தாலும் சரி, அந்தத் தேடலை டெண்டர் போடுவதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. சிமெண்ட், கம்பி, எம்.சாண்ட் எல்லாம் ஒரு போன் போட்டால் லாரியில் வந்து இறங்கிவிடும். ஆள் அப்படி வராது. அதிலும் உள்ளூர் ஆள், நீங்கள் யார், இதற்கு முன்னால் எந்த ஊரில் வேலை பார்த்தீர்கள், அங்கே யாருக்காவது சம்பளம் பாக்கி வைத்தீர்களா என்று விசாரித்துவிட்டுத்தான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

முதலில் டெண்டர் நிபந்தனைகளை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். உள்ளூர் ஆட்களை வைக்க வேண்டும் என்று ஏதாவது வரி இருந்தால் அது உங்கள் கணக்கையே மாற்றும். அப்படி எதுவும் எழுதவில்லை என்றாலும் கிராமத்து வேலையில் பாதி ஆளாவது அந்த ஊர்க்காரர்களாக இருப்பது உங்களுக்குத்தான் லாபம். தங்க இடம் கொடுக்க வேண்டாம், சமையலுக்குக் கேஸ் வாங்கித் தர வேண்டாம், ராத்திரி கம்பி காணாமல் போனால் எடுத்தது யார் என்று விடியும் முன்னே ஊருக்குத் தெரிந்துவிடும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது ஏராளமானோர் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள், பீகார் அரசு குழு அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் போனது அது. வெளியூர் ஆட்களை மட்டுமே நம்பியிருந்த சைட்டுகள் அப்போது என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வட மாநிலத்து ஆட்களை வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அவர்களில் நல்ல வேலைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முழுக்க அவர்களை மட்டும் நம்பி ஒரு அரசு வேலையின் கெடு தேதிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் குழம்புகிறார்கள். நூறு நாள் வேலை ஆட்களை உங்கள் கான்ட்ராக்ட் வேலையில் இறக்கி, கூலியை அந்தக் கணக்கில் எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தே அந்தத் திட்டத்தில் ஒப்பந்ததாரருக்கு இடமே கிடையாது. அங்கே வருகைப் பதிவேடு தனி, கூலி நேராகத் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போவது. அதே பெண்கள் அந்த வேலை இல்லாத நாட்களில் உங்களிடம் சித்தாளாக வரலாம், அதில் தவறே இல்லை. ஒரே நாளில் ஒருவர் பெயர் இரண்டு பதிவேட்டிலும் இருந்தால்தான் வில்லங்கம், தணிக்கையில் மாட்டும்.

எப்போது ஆள் கிடைக்கும்

இது ஊருக்கு ஊர் மாறும், ஆனால் ஒரு பொதுக் கணக்கு உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு ஆரம்பிக்க மாட்டார்கள், அதனால் மனைப்பூஜை போட்ட வேலைகள் குறைவு, நல்ல கொத்தனார்கள் கை காலியாக இருப்பார்கள். அரசு கட்டடத்துக்கு ஆடி, மார்கழி பார்க்கத் தேவையில்லை, ஆகவே அஸ்திவாரத்தை அந்தச் சமயத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், மழை மட்டும் இடம் கொடுக்க வேண்டும். ஆவணியிலும் தையிலும் அதே கொத்தனாரைப் பிடிக்க நாலு பேர் நிற்பார்கள். டெல்டா பக்கமாக இருந்தால் நடவும் அறுவடையும் வந்தால் சித்தாள் பாதியாகக் குறைந்துவிடும். பொங்கல் வாரத்தை வேலைநாளாகக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஊர்க் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் ராத்திரி வெளியூரில் தங்க மாட்டார்கள், ஆனால் உள்ளூர் வேலைக்கு வருவார்கள், அது உங்களுக்குச் சாதகம். தேர் இழுக்கிற இரண்டு நாள் மட்டும் ஒருவரும் வர மாட்டார்கள்.

அப்புறம் பிப்ரவரி, மார்ச். நிதியாண்டு முடிவதற்குள் பில் போட வேண்டும் என்று எல்லாத் துறையும் ஒரே நேரத்தில் துரத்தும். பக்கத்து ஊரில் எம்.எல்.ஏ. நிதியில் ஒரு கட்டடம், இந்தப் பக்கம் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒரு வேலை, நடுவில் கனவு இல்லம் வீடுகள் வரிசையாக எழும்பும், இருக்கிற பத்துக் கொத்தனாரும் கூலியை ஏற்றிவிடுவார்கள். தேர்தல் காலமும் அப்படித்தான், கூட்டத்துக்குப் போனால் வெயிலில் கல் சுமக்காமலே கூலியும் பிரியாணியும் கிடைக்கும் என்றால் யார்தான் சித்தாள் வேலைக்கு வருவார்.

சனிக்கிழமைக் கணக்கு

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி, மற்றதை மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

துறை உங்களுக்கு வாரா வாரம் பணம் தராது. வேலை ஒரு கட்டம் வந்து, ஓவர்சியர் அளந்து, எம்.புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏறி, ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சரிபார்த்து, பில் பாஸாகி, நிதி இருந்தால் பணம் வரும். வரும்போதும் முழுசாக வராது. தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், தனிநபர் என்றால் வருமான வரிக்கு 1 சதவீதம், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், அதுபோக டெபாசிட்டாகத் துறை நிறுத்தி வைப்பது. ஆனால் ஆட்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கையில் காசு வேண்டும். ஞாயிறு கறி எடுக்க வேண்டும், மகளிர் குழுத் தவணை கட்ட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாலு கொத்தனார், ஆறு சித்தாள் வைத்து ஒரு கட்டடம். கணக்குக்காகக் கொத்தனாருக்கு 1,000 ரூபாய், சித்தாளுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 7,600. ஆறு நாளைக்கு 45,600. முதல் பில் பணம் வர எட்டு வாரம் ஆனால் 3,64,800 ரூபாய் கூலிக்கு மட்டும் உங்கள் கைக்காசு போயிருக்கும். இதில் கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் ஆட்கள், தளம் போடுகிற அன்றைக்கு வரும் கான்கிரீட் கோஷ்டி யாரும் சேரவில்லை. இந்தத் தொகையைத் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, சிமெண்ட் கடைக்காரர் எவ்வளவு நெருக்கினாலும் அதில் கை வைக்காமல் இருக்க முடியும் என்றால் மட்டும் டெண்டரில் விலை போடுங்கள். கடைக்காரரிடம் ஒரு மாதம் தவணை சொல்லலாம், அவருக்கு அது பழக்கம்தான். சித்தாளிடம் தவணை சொன்னால் திங்கட்கிழமை சைட்டில் நீங்களும் வாட்ச்மேனும் மட்டும்தான் இருப்பீர்கள், அதற்குள் பக்கத்து மூன்று ஊருக்கும் செய்தி போயிருக்கும்.

இன்னொன்று, எஸ்டிமேட்டில் இருக்கிற கூலியும் ஊரில் கேட்கிற கூலியும் ஒன்றாக இருக்காது. மதிப்பீட்டைவிடக் குறைத்து விலை போட்டு வேலையை எடுக்கிறவர்கள் கடைசியில் கூலியில்தான் கை வைப்பார்கள். போடும் முன்பே அந்த ஊர்க் கொத்தனார் இரண்டு பேரிடம் உண்மையான கூலியைக் கேட்டுவிட்டு வாருங்கள். அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியையும் பார்த்துக்கொள்ளுங்கள், அகவிலைப்படி சேர்ந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் அது மாறும். பெரும்பாலான ஊர்களில் சந்தைக் கூலி அதற்கு மேலேதான் இருக்கும், ஆனால் பெண்களுக்குக் கொடுப்பதில்தான் பலர் கீழே போய்விடுகிறார்கள்.

எங்கே தேடுவது, எப்படிச் சோதிப்பது

காலை ஏழு மணிக்கு ஊர் டீக்கடை. இதைவிட நல்ல இடம் இல்லை. ஒன்றிய ஊரில் ஆட்கள் கூடி நிற்கிற இடம் ஒன்று இருக்கும், எட்டு மணிக்கு மேல் போனால் அங்கே மிச்சம் இருப்பவர்கள் ஏன் மிச்சம் இருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் போய்ச் சொன்னால் சித்தாள் வேலைக்கு ஒரு பட்டியலே கிடைக்கும். பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் கிராமப்புறக் கொத்தனார் பயிற்சி என்று ஒன்று நடத்துகிறார்கள், அதில் பயிற்சி எடுத்தவர்கள் உங்கள் ஒன்றியத்தில் யார் என்று பி.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். சான்றிதழ் இருப்பதாலேயே வேலை சுத்தம் என்று அர்த்தமில்லை, ஆனால் ரசமட்டம் பிடிக்கத் தெரிந்த இளவட்டங்களைப் பார்க்க அது ஒரு வழி.

கொத்தனாரிடம் எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்பதில் பிரயோசனமில்லை, எல்லோரும் இருபது வருஷம் என்பார்கள். ஒரு மூலையைக் கட்டச் சொல்லுங்கள். ஐந்து வரி செங்கல், இரண்டு பக்கமும் படிப்படியாக. நின்று பாருங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். கல்லை நனைத்து எடுக்கிறாரா, கலவையைக் கல்லுக்கு நடுவில் இருக்கும் சந்திலும் நிரப்புகிறாரா இல்லை மேலே மட்டும் பரப்பிவிட்டு அடுத்த கல்லுக்குப் போகிறாரா, தூக்குக்குண்டை அவராக எடுக்கிறாரா நீங்கள் பார்க்கிறீர்கள் என்பதற்காக எடுக்கிறாரா, எல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வேகமாகக் கட்டுகிறவரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அவர் கட்டுகிற சுவர் அரை அங்குலம் வெளியே போனால் பூச்சில் அதைச் சரிக்கட்ட ஆகும் சிமெண்ட் உங்கள் காசு.

கம்பி கட்டுபவரிடம் நாலு ரிங் (தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) வளைத்துத் தரச் சொல்லுங்கள். கொக்கி 135 டிகிரிக்கு உள்ளே திரும்பி நிற்க வேண்டும். வெறும் தொண்ணூறில் விட்டுவிட்டு இதுதான் எப்போதும் செய்வது என்று சொன்னால், திருத்திக் காட்டுங்கள். திருத்திக்கொள்கிறவர் என்றால் வைத்துக்கொள்ளலாம். வாதம் பண்ணுகிறவர் வேண்டாம், தூணில் கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விடும் சின்னக் கட்டை) வைப்பது முதல் எல்லாவற்றுக்கும் வாதம் பண்ணுவார், கடைசியில் ஏ.இ. வந்து பிரிக்கச் சொல்லும்போது அவர் அங்கே இருக்க மாட்டார்.

எல்லோரும் மறந்துவிடுகிற ஓர் ஆள் உண்டு: தண்ணீர் விடுகிறவர். சுவருக்கும் தளத்துக்கும் காலையும் மாலையும் விடாமல் தண்ணீர் காட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான். சைட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கும் வயதானவர் யாரையாவது பிடித்து, காவலுக்கும் தண்ணீருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் பேசிவிடுங்கள். உள்ளூர் ஆள் என்பதன் முழு அருமை இங்கேதான் தெரியும். எந்த நேரத்துக்கு மோட்டார் ஓடும், கரண்ட் எப்போது போகும், பஞ்சாயத்துக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று அவருக்கு அத்துப்படி.

மேஸ்திரியா, நேரடியா

மேஸ்திரியிடம் மொத்தமாக விட்டால் தலைவலி குறைவு, சதுர அடிக் கணக்கோ கம்பிக்கு டன் கணக்கோ பேசி முடித்துவிடலாம். ஆனால் மேஸ்திரி பணத்தை வாங்கிக்கொண்டு ஆட்களுக்குக் கொடுக்காமல் போனால், அவரிடம் கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் சொல்வது எடுபடாது. ஆட்கள் உங்கள் சைட்டில்தான் வந்து உட்காருவார்கள், சட்டப்படியும் கேள்வி மேலே இருப்பவரிடம்தான் வரும். ஆகவே மேஸ்திரி வைத்தாலும் சம்பளம் கொடுக்கிற நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருங்கள், யார் யாருக்கு எவ்வளவு என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஜிபேயில் போட்டால் இன்னும் நல்லது, அதுவே ஒரு சாட்சி. சில பெண்கள் போன் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, கையில் கொடுங்கள் என்பார்கள். கையில் கொடுங்கள், அவர்கள் அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கும்.

பெரிய தொகை அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடலாம் என்று நினைக்காதீர்கள். அவசரத்துக்கு ஒரு வாரக் கூலி முன்பணமாகக் கொடுப்பது வேறு. கடனைக் காட்டி வேறு வேலைக்குப் போகக் கூடாது என்று நிறுத்தினால் அது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வரைக்கும் போகும். திங்கட்கிழமை பாதிப் பேர் வராமல் போவதற்கும் இது மருந்தில்லை, அதற்குத் திங்களன்று லேசான வேலையைப் போட்டு, தளம் போடுவதைப் புதன் வியாழனுக்குத் தள்ளி வைப்பதுதான் வழி.

தலைவரும் வார்டு உறுப்பினரும் நம்ம பையன் ரெண்டு பேரைப் போட்டுக்கங்க என்று சொல்வார்கள். முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாம். வரச் சொல்லுங்கள், அதே மூலையைக் கட்டச் சொல்லுங்கள், வேலை தெரிந்தால் அதே கூலி. வராமலே பெயரை மட்டும் எழுதச் சொன்னால் ஆரம்பத்திலேயே இல்லை என்று சொல்லிவிடுங்கள், ஒரு தடவை எழுதிவிட்டால் கட்டடம் முடியும்வரை அந்தச் சம்பளத்தை நிறுத்த முடியாது. அதேபோல ஆட்களை ஒரே தெருவிலிருந்து எடுக்காதீர்கள். அரசுப் பணத்தில் கட்டுகிற கட்டடம், காலனியிலிருந்தும் ஊரிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும், ஒரே தண்ணீர்க் குடம், ஒரே டம்ளர், டீயும் எல்லோருக்கும் ஒன்றுபோல. இதில் யாராவது முகம் சுளித்தால் அவர் எவ்வளவு நல்ல கொத்தனாராக இருந்தாலும் கணக்கை முடித்து அனுப்பிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பிரச்சினை கட்டடத்தோடு நிற்காது.

பெண்கள் விஷயத்தில் இரண்டே இரண்டு. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி என்பது 1976லிருந்தே சட்டப்படி தப்பு, ஆனாலும் நாடு முழுக்க நடக்கிறது. கலவை எடுத்துக் கொடுக்கிற ஆணுக்கு 700, பெண்ணுக்கு 550 என்று பேசாமல் ஒன்றாகப் பேசிப் பாருங்கள், அந்த ஊர்ச் சித்தாள்கள் அடுத்த சைட்டுக்கும் உங்களைத் தேடி வருவார்கள். இரண்டாவது கழிப்பறை. நாலு தகரம் அடித்து ஒரு மறைப்பு, ஒரு டிரம் தண்ணீர், அதற்கு ஆகும் செலவு சைட்டின் ஒரு நாள் மொத்தக் கூலிகூட இல்லை.

காகித வேலை

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வைத்தால் தொழிலாளர் துறையில் உங்கள் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததில் சில வரம்புகள் மாறியிருக்கின்றன, பழைய ஒப்பந்ததாரர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு எட்டுப் போய்க் கேட்டுவிடுங்கள்.

வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் நோட்டில் எழுதினாலும் போதும், தினமும் எழுத வேண்டும். முதல் நாளே ஆதார் நகல் வாங்கி வயதைப் பாருங்கள். பதினெட்டு ஆகாத பையனை லீவுக்கு வந்தான் என்று சேர்க்காதீர்கள், அவன் அப்பாவே கூட்டி வந்தாலும்.

பில்லில் பிடிக்கிற அந்த 1 சதவீதம் எங்கே போகிறது தெரியுமா? தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்துக்கு. 1994லிருந்து இருக்கும் வாரியம் அது. 18 முதல் 60 வயது வரை உள்ள கட்டுமானத் தொழிலாளி யாரும் இலவசமாகப் பதியலாம், பிள்ளைகள் படிப்புக்கு உதவி, பிரசவம், திருமணம், விபத்து, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று பலன்கள் இருக்கின்றன. உங்கள் பில்லிலிருந்து பணம் போகிறது, உங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அட்டையே இல்லை, அல்லது புதுப்பிக்காமல் காலாவதியாகிக் கிடக்கிறது. வேலை ஆரம்பித்த முதல் வாரத்தில் ஒரு நாள் மாலை, கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் யாரையாவது சைட்டுக்கு வரவழைத்து எல்லோருக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். கட்டுமான வேலைதான் செய்கிறார் என்ற சான்றில் நீங்கள் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள்.

வேலையில் அடிபட்டால் நஷ்ட ஈடு கொடுக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவருக்கு என்பது 1923லிருந்து இருக்கும் சட்டம், சாரத்திலிருந்து விழுந்தவர் வாரிய உறுப்பினராக இருப்பதால் உங்கள் பொறுப்பு போய்விடாது. டபிள்யூ.சி. பாலிசி (அந்த நஷ்ட ஈட்டுக்கான காப்பீடு) ஒன்று ஒர்க் ஆர்டர் தேதியிலிருந்தே எடுத்து வையுங்கள். ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். சாரக் கட்டையும் கயிறும் நீங்களே ஏறிப் பார்த்த பிறகுதான் ஆளை ஏற்ற வேண்டும், ஹெல்மெட் கொடுத்தால் மட்டும் போதாது, மத்தியான வெயிலில் அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள், திட்டாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கடைசி வாரத்தில் வெள்ளை அடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கொத்தனார், சித்தாள் கணக்கை முழுசாக முடித்துவிடுங்கள். இறுதி பில் வந்ததும் தருகிறேன் என்று ஒரு வாரக் கூலியைப் பிடித்து வைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு, அந்த பில் ஐந்து மாதம் கழித்தும் வரலாம். யாருக்கு எத்தனை நாள் வேலை என்று பதிவேட்டைப் பார்த்து எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்து அனுப்புங்கள், வாரிய அட்டை புதுப்பிக்கும்போது அவர்களுக்குத் தேவைப்படும். எல்லோருடைய போன் நம்பரையும் பதிவேட்டிலேயே குறித்து வையுங்கள், ஒரு வருஷத்துக்குள் தளம் ஒழுகுகிறது என்று ஏ.இ. கூப்பிட்டால் போய் அடைக்க ஆள் வேண்டும்.